வீடு வந்த வழி – 14: சீவச் சீவப் புதுத்தரை

பதினான்காம் லூயியின் வெர்சாய் அரண்மனையில் தரையைக் கழுவக் கழுவக் கட்டடம் கெட்டது. மாடியில் மன்னர் புழங்கிய பெரிய அறைகளுக்கு முதலில் பளிங்குக்கல்தான் பாவியிருந்தார்கள். பளிங்கில் ஒரு கால்தடம் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். ஓயாமல் ஆள் நடமாடும் அரண்மனையில் அதை ஓயாமல் கழுவவும் வேண்டியிருந்தது. கழுவிய நீர் கல்லின் இடுக்குகளில் இறங்கி, கீழே பாரம் சுமந்த மர உத்தரங்களில் போய் ஊறியது. மேலே பளபளப்பு, அடியில் மக்கல். கடைசியில் 1684-இல் பளிங்கைப் பெயர்த்தெடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓக் மரத்தால் தரை போட்டார்கள்.

அதற்கு முன்பும் ஐரோப்பாவில் பல வீட்டு மாடிகளில் பலகைத் தரை இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் கோரைப்பாய்க்கு அடியில் மறைந்து கிடந்த வெறும் பலகை. நின்று பார்க்கத் தகுந்த தரையாக மரத்தை உயர்த்தியதில் வெர்சாய்க்குப் பெரிய பங்கு உண்டு. 1693-இல் பிரான்சில் இருந்த டானியல் க்ரோன்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன்காரர், அரண்மனையிலும் அதன் தோட்டத்து மாளிகையான கிராண்ட் த்ரியனோனிலும் சாய்சதுரமாக இழைத்துப் போட்ட மரத்தரையைக் கவனித்துக் குறித்து வைத்திருக்கிறார். ஒரு மன்னர் காலடியில் எதைப் போட்டுக்கொள்கிறார் என்பது மற்ற நாட்டு அரண்மனைகளுக்குச் செய்தியாக இருந்த காலம் அது.

கழுவிய நீர் தரைக்கு அடியை மக்கவைக்கும் சிக்கல் நம் ஊரில் எழவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால்தான் நமக்குச் சுத்தம். கரையானும் மழையும் வெயிலும் சேர்ந்த நிலத்தில் தரைக்குக் கல்லும் சுண்ணாம்பும் செங்கல்லும்தான் சரிப்பட்டன. பர்மாவிலிருந்து தேக்கைக் கப்பல் கப்பலாக இறக்கிய செட்டிநாட்டார்கூட அதைத் தூணுக்கும் கதவுக்கும் விதானத்துக்கும் வைத்துக்கொண்டு, தரைக்குக் கல்லையும் ஆத்தங்குடி ஓட்டையும்தான் தேர்ந்தார்கள். எனவே இந்த அத்தியாயத்துக்கு நாம் குளிர் நாடுகளுக்குத்தான் போக வேண்டும்.

அங்கே நடந்த கதையை ஒரே குணத்தில் பிடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். கல் தேய்ந்தால் தேய்ந்ததுதான். ஓடு உடைந்தால் மாற்ற வேண்டும். மரமும் தேயும், கீறும், கறை ஏறும். ஆனால் மேலே மெல்லிசாக ஒரு சுற்று சீவி எடுத்தால் அடியில் புதுத்தரை இருக்கிறது. மரத்தரை முந்நூறு ஆண்டுகளாக மனிதர்களைப் பிடித்து வைத்திருப்பது இதனால்தான். அழகு அதற்கு அடுத்தபடிதான். அப்படிச் சீவியவர்களும் மெழுகு தேய்த்தவர்களும் யார் என்று கேட்டுக்கொண்டே போனால் வரலாறு தானாக அவிழ்கிறது.

வெர்சாயின் தரையைக் கொஞ்சம் குனிந்து பார்ப்போம். அது நீளப் பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடித்த தரை அல்ல. ஏறக்குறைய ஒரு மீட்டர் சதுரமான சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் ஓக் பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்குவதுபோல் பின்னலாக ஓடுகின்றன. ஒவ்வொரு துண்டின் முனையும் அடுத்ததன் துளைக்குள் கழுந்தாக நுழைந்து, மேலே மர ஆணியால் இறுக்கப்பட்டிருக்கிறது. கதவு செய்கிற அதே தச்சு வேலைதான், படுக்கப் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் இருந்தது. மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் அசையும். ஈரக் காற்றில் உப்பும், உலர்ந்த காற்றில் சுருங்கும். அகலப் பலகை ஒன்று அசைந்தால் தரையே கூன் விழும். சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றும் தன் காடிக்குள் கொஞ்சம் அசைய இடம் விட்டால் மொத்தத் தரை ஆடாமல் நிற்கும். 1919 ஜூன் 28 அன்று முதல் உலகப் போருக்கு முடிவு கட்டிய உடன்படிக்கை கையெழுத்தானது இந்த அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில். அன்றைக்கும் தலைவர்கள் மரத்தரை மீதுதான் நின்றார்கள்.

கழுவக் கூடாத தரையை எப்படிச் சுத்தமாக வைப்பது? பாரிஸில் இதற்கென்றே ஒரு தொழில் உருவானது. தேன்மெழுகைப் பூசிவிட்டு, ஒரு காலடியில் கட்டையான தூரிகையைக் கட்டிக்கொண்டு, மறு காலால் தள்ளித் தள்ளி அறை முழுதும் வழுக்கிக்கொண்டே தேய்ப்பார் தரை மெழுகுக்காரர். பெரிய வீட்டில் இவர் ஒரு நிரந்தர வேலைக்காரர். சிறிய வீடுகளுக்கு முறை வைத்து வருவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காலால் செய்யும் இந்த வேலை, பார்க்கிறவர்களுக்கு நடனமாகத் தெரிந்திருக்கிறது. செய்தவர்களின் முழங்காலுக்கும் இடுப்புக்கும் அது என்னவாக இருந்தது என்று யாரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.

1853 முதல் 1870 வரை ஓஸ்மான் பிரபு பாரிஸின் பழைய சந்துகளை இடித்து அகல வீதிகளை வெட்டியபோது, அந்த வீதிகளின் இரு பக்கமும் எழுந்த அடுக்கு வீடுகளில் ஓக் தரை வழக்கமாகிவிட்டது. அரண்மனைச் சட்டம் வீட்டுக்குக் கட்டுபடியாகாது. அதனால் குட்டைப் பட்டைகளின் முனையைச் சாய்வாக அறுத்து, ஒன்றோடொன்று முட்டவைத்து, மீன்முள் போன்ற வரிசையில் அடித்தார்கள். அறையின் ஒரு முனையிலிருந்து பார்த்தால் அம்புகள் வரிசையாக சன்னலை நோக்கிப் போகும். இன்றும் பாரிஸில் பழைய வீடு விற்பனைக்கு வந்தால், கணப்படுப்பும் கூரையின் சுதை வேலையும் இந்தத் தரையும் இருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள்.

அந்தத் தரையைச் சீவிய மனிதர்களை நம் கண்ணுக்கு முன் கொண்டுவந்தவர் ஓவியர் குஸ்தாவ் கைபோத். பணக்காரக் குடும்பம். பாரிஸின் மிரோமெனில் வீதியில் அவர்களுக்குச் சொந்த வீடு இருந்தது. அங்கே இருந்த அவருடைய ஓவிய அறையின் தரையைத்தான், அவருக்கு இருபத்தேழு வயதாகும் 1875-இல், தொழிலாளர்கள் வந்து சீவினார்கள். அவர் அதை வரைந்தார். ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள படம். மூன்று பேர் சட்டையில்லாமல் மண்டியிட்டிருக்கிறார்கள். பின்னால் இரும்புக் கம்பி வேலை செய்த பால்கனி, அது வழியாக வரும் வெளிச்சம் அவர்கள் முதுகிலும் தரையிலும் விழுகிறது. ஒரு பட்டை சீவி வெளுத்திருக்கிறது, பக்கத்துப் பட்டையில் பழைய மெழுகின் கறுப்பு இன்னும் மினுங்குகிறது. சுற்றிலும் சுருள் சுருளாகச் சீவல்கள். வலது ஓரத்தில் ஒரு மது பாட்டில், பக்கத்தில் கிண்ணம். நடுவில் இருப்பவரும் வலப்பக்கத்தவரும் தலையை ஒருவர் பக்கம் ஒருவர் சாய்த்து ஏதோ பேசிக்கொண்டே சீவுகிறார்கள். இடப்பக்கத்தவர் கருவி எடுக்கக் கை நீட்டுகிறார்.

அந்த ஆண்டு பாரிஸின் அரசு ஓவியக் காட்சி இதை ஏற்க மறுத்தது. வயலில் குனிந்து கதிர் பொறுக்கும் பெண்களை ஓவியர் மில்லே வரைந்தபோது அதே காட்சியில் இடம் கிடைத்திருந்தது. ஆனால் நகரத்து வீட்டுக்குள், பணக்காரரின் அறைக்குள், வெற்றுடம்போடு வேலை செய்பவரைக் கண்ணெதிரே பார்ப்பது நடுவர்களுக்குக் கொச்சையாகப் பட்டது. கைபோத் 1876-இல் இம்ப்ரெஷனிஸ்டுகளின் இரண்டாவது கண்காட்சியில் படத்தை மாட்டினார். இன்று அது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரத்தரையைப் பற்றி எழுதப்பட்ட எந்தப் புத்தகத்தைவிடவும் இந்தப் படம் அதிகம் சொல்கிறது என்பது என் கருத்து. இழைப்புளியால் பட்டைகளின் மேடேறிய ஓரங்களைச் சமன் செய்து, பிறகு இரண்டு கையாலும் சீவுத்தகட்டைத் தன் பக்கம் இழுத்துச் சீவும் முறை, தகடு மழுங்கினால் அரம் எடுத்துத் தீட்டும் இடைவேளை, எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. ஓர் அறையின் தரையை முழங்காலில் நகர்ந்தே முடிக்க வேண்டும் என்பதும்.

அட்லாண்டிக்குக்கு அப்பால் கதை வேறு மாதிரி தொடங்கியது. நியூ இங்கிலாந்தில் குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு மரத்துக்குப் பஞ்சமே இல்லை. வெள்ளைப் பைனை அறுத்து இரண்டடி அகலப் பலகைகளாகப் போட்டார்கள். அதிலும் அரசியல் நுழைந்தது. இரண்டடிக்கு மேல் குறுக்களவுள்ள பைன் மரங்கள் அரச கடற்படையின் பாய்மரத் தூணுக்கு உரியவை என்று 1691-இன் மாசசூசெட்ஸ் சாசனம் சொன்னது. அரசுக்குரியது என்று அம்பு முத்திரை குத்திய மரத்தை வெட்டினால் குற்றம். ஆலைக்காரர்களுக்கும் அரசு அதிகாரிகளுக்கும் இதை வைத்துத் தகராறு மூண்டு, 1772-இல் நியூ ஹாம்ப்ஷயரில் கலவரமே நடந்தது. தரைப்பலகையின் அகலத்தில்கூட ஓர் அரசரின் கை இருந்திருக்கிறது.

பைன் மெதுமரம், செருப்பாணி பட்டாலே பள்ளம் விழும். அதன்மேல் மணலைத் தூவித் தேய்த்தார்கள், வசதியானவர்கள் வண்ணம் பூசினார்கள். தாமஸ் ஜெஃபர்சன் தன் மொன்டிசெல்லோ வீட்டின் முன்கூடத் தரைக்குப் புல்லின் பச்சை பூசியது ஓவியர் கில்பர்ட் ஸ்டூவர்ட் சொன்ன யோசனை. அதே வீட்டின் வரவேற்பறையில் பாரிஸ் பாணியில் செர்ரி மரமும் பீச் மரமும் கலந்து சதுரம் சதுரமாகத் தரை போட்டார். 1784 முதல் 1789 வரை பாரிஸில் தூதராக இருந்தவர் கண்டு வந்த ஆசை அது. இப்படி மரத்துண்டுகளைக் கோலமாக இணைத்துப் போடுவதுதான் பார்க்கே; அமெரிக்காவின் ஆரம்பகாலப் பார்க்கே தரைகளில் இது ஒன்று. அந்த வீட்டின் தச்சு வேலைக்கு ஜேம்ஸ் டின்ஸ்மோர் தலைமை தாங்கினார். அவருடைய உதவியாளராக இருந்து தேர்ந்த தச்சரான ஜான் ஹெம்மிங்ஸ் அடிமையாகப் பிறந்தவர். அந்தத் தரையைப் பிறகு நாள்தோறும் துடைத்து வைத்தவர்களும் அடிமைகளே. சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய கை கண்ட அழகு, சுதந்திரம் இல்லாத கைகளால் காக்கப்பட்டது. இதைச் சொல்லாமல் அந்தத் தரையின் அழகைப் பேசுவது நியாயமாகாது.

மாளிகைத் தரை எல்லோர் வீட்டுக்கும் இறங்கிவர இயந்திரம் வேண்டியிருந்தது. 1828 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்துப் பொகிப்ஸியைச் சேர்ந்த வில்லியம் வுட்வொர்த், பலகையை இழைத்து, ஒரு பக்கம் நாக்கும் மறுபக்கம் காடியும் ஒரே ஓட்டத்தில் வெட்டித் தரும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு பலகையின் நாக்கு அடுத்ததன் காடிக்குள் போய் அமர்ந்தால் இடுக்கு தெரியாது, பலகை துள்ளாது. கையால் அதை வெட்டுவது நாள் முழுக்க நடக்கும் வேலை. பதினான்கு ஆண்டில் முடிய வேண்டிய அந்தக் காப்புரிமை ஏழு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. பிறகு அமெரிக்கக் காங்கிரஸே தனிச் சட்டம் போட்டு இன்னும் ஏழு ஆண்டு கொடுத்தது. 1856 வரை பலகை இழைத்த ஒவ்வொரு ஆலையும் அந்த உரிமைக்காரர்களுக்குக் கப்பம் கட்டியது, அல்லது நீதிமன்றம் ஏறியது. அது முடிந்த பிறகுதான் மலிவான பலகை ஊரெல்லாம் பாய்ந்தது. 1880-களில் ஓக், மேப்பிள் போன்ற கடினமரங்களையும் இரு ஓரமும் ஒரே சீராக வெட்டும் இயந்திரங்கள் வந்தன. 1897-இல் மேப்பிள் தரை தயாரிப்பாளர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள்.

இதே நேரத்தில் இன்னொரு காற்றும் வீசியது. விக்டோரியா காலத்து வீடுகளில் சுவரிலிருந்து சுவர் வரை கம்பளத்தை ஆணியடித்துப் பொருத்தியிருப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பிடுங்கி, வெளியே கொண்டுபோய் அடித்துத் தூசி தட்டுவார்கள். மீதி நாள் முழுக்கத் தூசி அதற்குள்ளேயே கிடக்கும். 1868-இல் வெளிவந்த நூலில் சார்லஸ் ஈஸ்ட்லேக், சுவர் வரை கம்பளம் வேண்டாம், ஓரத்தில் தரை தெரிய விடுங்கள் என்று வாதாடினார். 1882-இல் காசநோய்க்குக் காரணம் ஒரு நுண்ணுயிர் என்று ராபர்ட் கோக் கண்டுபிடித்து அறிவித்த பிறகு, தூசி என்பது அழகுப் பிரச்சினையாக மட்டும் இருக்கவில்லை. துடைக்கக்கூடிய வெறுந்தரை நல்ல குடும்பத்தின் அடையாளமாயிற்று.

அந்த அலையில் தொழில் தொடங்கியவர்களில் ஒருவர் விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் ஊரைச் சேர்ந்த சாமுவேல் கர்டிஸ் ஜான்சன். தான் விற்பனையாளராக வேலை பார்த்த ஹார்டுவேர் நிறுவனத்திடமிருந்து 1886-இல் பார்க்கே தரைப் பிரிவை விலைக்கு வாங்கினார். தரையை வாங்கியவர்களெல்லாம் பின்னாலேயே கேட்ட கேள்வி: இதை எப்படிப் பராமரிப்பது? தண்ணீர் ஆகாது, சோப்பு ஆகாது, பிறகு என்னதான் செய்வது? ஜான்சன் மெழுகு காய்ச்சத் தொடங்கினார். 1888-இல் தயாரான பசை மெழுகு டப்பாவில் வந்தது. பத்தே ஆண்டில் மெழுகு விற்பனை தரை விற்பனையை மிஞ்சியது. 1917-இல் தரைத் தொழிலையே விட்டுவிட்டார்கள். மெழுகு நிறுவனம் உலகெங்கும் வளர்ந்தது. மரத்தரை என்றாலே அதற்கான கவனிப்பும் கூடவே வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்குப் புத்தகம் இருக்க முடியாது.

மெழுகுக்கு அடியில் பூசிய பூச்சு இந்தியாவிலிருந்து போனது. அமெரிக்க வீடுகளின் ஓக் தரைகளுக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பரவலாகப் பூசியது அவலரக்கைச் சாராயத்தில் கரைத்த பூச்சு. சோட்டா நாக்பூர் காடுகளில் புரச மரத்திலும் இலந்தையிலும் குசும் மரத்திலும் அரக்குப் பூச்சிகள் கிளையைச் சுற்றிச் சுரக்கும் பிசினைச் சுரண்டி எடுத்து, கழுவி, நீளமான துணிக்குழாயில் திணித்து நெருப்பருகே முறுக்குவார்கள். உருகி வழியும் அரக்கை ஒருவர் எடுத்து, சூடு ஆறுவதற்குள் கையாலும் காலாலும் பல்லாலும் பிடித்து நாலாபக்கமும் இழுத்து மெல்லிய தகடாக்குவார். அது உடைந்தால் அவல்போல் சில்லுகள். மிர்சாபூரும் கல்கத்தாவும் அதன் சந்தைகள். சிகாகோ வீட்டுக் கூடத்தின் தேன் நிறம் அந்தத் தொழிலாளியின் வாயும் காலும் இழுத்த நிறம்தான். இசைத்தட்டுக்கும் அதே அரக்குதான் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் கப்பல் வரத்து சுருங்கியதும் அமெரிக்கா அரக்குக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வேதிப் பூச்சுகளின் பக்கம் தொழில் திரும்பியதில் அந்தத் தட்டுப்பாட்டுக்கும் பங்கு உண்டு. 1960-களுக்குப் பிறகு பாலியூரிதேன் வந்து மெழுகுத் தூரிகையை ஓரங்கட்டியது.

1900 முதல் 1940 வரை கட்டிய சாதாரண அமெரிக்க வீட்டின் தரை எப்படிப்பட்டது? முக்கால் அங்குலக் கனம், இரண்டேகால் அங்குல அகலம், ஓக் பட்டை. நாக்கின் மேல் சாய்வாக ஆணியடிப்பார்கள். அடுத்த பட்டையின் காடி அதை மூடிக்கொள்ளும். முடித்த தரையில் ஓர் ஆணிகூடக் கண்ணில் படாது. சுவரோரம் முக்கால் அங்குல இடைவெளி விட்டு, அதைப் பக்கப்பட்டையால் மறைப்பார்கள். கோடையில் மரம் உப்பினால் போக இடம் வேண்டும். குளிர்காலத்தில் கணப்பு மூட்டினால் பட்டைகளுக்கிடையே மயிரிழை இடுக்குகள் தோன்றி, கோடை வந்ததும் தானே மூடிக்கொள்ளும். அனுபவப்பட்ட தச்சர் சரக்கு வந்த அன்றே அடிக்க மாட்டார். வீட்டுக்குள் அடுக்கி வைத்து, அந்த வீட்டுக் காற்றுக்குப் பழகவிட்டே அடிப்பார்.

நாக்குக்கு மேலே இருக்கும் மரம் ஏறக்குறைய கால் அங்குலம். ஒரு முறை சீவினால் அதில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் போகும். ஆக ஐந்தாறு முறை சீவலாம். இருபது ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்தாலும் நூறாண்டு ஆயுள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உப்புத்தாள் சுற்றிய உருளையை மின்சாரத்தில் ஓட்டும் இயந்திரம் வந்தது. கைபோத்தின் படத்து மூவர் முழங்காலில் செய்த வேலையை நின்றபடி ஒருவரே செய்ய முடிந்தது. தூசிதான் அவர் மூக்கில் ஏறியது.

எந்த மரம் எவ்வளவு கடினம் என்பதற்கு ஓர் அளவுகோலும் அப்போதுதான் பிறந்தது. 1906-இல் கேப்ரியல் யாங்கா என்பவர் ஒரு சோதனையை வகுத்தார். 11.28 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள எஃகுக் குண்டு மரத்தில் பாதி புதைய எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்று பார்ப்பது. வெள்ளைப் பைன் 380, செவ்வோக் 1,290, மேப்பிள் 1,450. நம் தேக்கு 1,070-ஐ ஒட்டித்தான் வரும். தேக்கின் பெருமை கடினத்தில் இல்லை. அதன் எண்ணெய்ப் பசையிலும், கரையானுக்கு இணங்காத குணத்திலும், உப்பாமல் சுருங்காமல் நிற்பதிலும் இருக்கிறது.

விளையாட்டரங்கங்களுக்கு மேப்பிள்தான் வழக்கம். பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணியின் தரை மட்டும் ஓக். 1946-இல், போர் முடிந்த கையோடு மரத் தட்டுப்பாடு நிலவியபோது, நீளப் பட்டைகள் கிடைக்காமல் குட்டைத் துண்டுகளை ஐந்தடிச் சதுரங்களாகச் சேர்த்து, திசை மாற்றி மாற்றிப் போட்டார்கள். இல்லாமையால் வந்த அந்தக் கட்டம் அணியின் முகமாகிவிட்டது. 1952-இல் பாஸ்டன் கார்டன் அரங்குக்குப் பெயர்ந்து, 1999 வரை அதே தரையில் ஆடினார்கள். இன்றைய புதுத்தரையும் அதே கட்டத்தில்தான்.

போருக்குப் பிந்தைய வீடுகளில்தான் மரத்தரைக்கு இறங்குமுகம் தொடங்கியது. 1947-இல் லாங் ஐலண்டில் லெவிட் நிறுவனம் வேகவேகமாகக் கட்டிய வீடுகளுக்கு கான்கிரீட் தளம், மேலே தார் கலந்த ஓடு. பட்டையை ஆணியடிக்க அடியில் மரமே இல்லை. இன்னொரு பக்கம் ஜார்ஜியா மாநிலத்து டால்டனில், கேத்தரின் எவன்ஸ் என்ற இளம்பெண் 1895-இல் கையால் தைத்த குஞ்சப் படுக்கைவிரிப்பிலிருந்து ஒரு குடிசைத் தொழில் வளர்ந்து, 1950-களில் அகலமான கம்பளத்தை மலிவாகத் தைத்துத் தள்ளும் ஆலைகளாகிவிட்டது. செயற்கை நூல், மின் தூசி உறிஞ்சி, வீட்டுக் கடனிலேயே கம்பளத்தையும் சேர்த்துக்கொள்ளும் வசதி, எல்லாம் கைகோர்த்தன. பழைய வீட்டுக்காரர்களும் நல்ல ஓக் தரையின் மேல் கம்பளத்தை அடித்து மூடினார்கள்.

அப்படி மூடியதே பிறகு காப்பாகவும் ஆயிற்று. 1980-களிலிருந்து பழைய வீடுகளை வாங்கிய அடுத்த தலைமுறை, சாயம் போன கம்பளத்தின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தது. அடியில் ஆணி வரிசை, பசையின் கறை, ஓரங்களில் எப்போதோ சிந்திய வண்ணத் துளிகள். அவற்றுக்கும் அடியில் முப்பது ஆண்டாக வெயில் படாத ஓக். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஒரு வாரம் இயந்திரம் ஓட்டினால், தாத்தா காலத்துத் தரை திரும்பக் கிடைத்தது. டொராண்டோவிலும் நியூ ஜெர்சியிலும் பழைய வீடு வாங்கும் நம்மவர்களும் இதை அறிவார்கள். அவர்களில் முதல் தலைமுறைப் பெரியவர்களுக்கு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: வாளித் தண்ணீர் கூடாது, பிழிந்த துணியே போதும். 1684-இல் வெர்சாயில் கற்ற அதே பாடம்.

மரத்தரையின் மேல் ஆசை திரும்பியதும் அதன் சாயல்களும் வந்தன. அவற்றில் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். ஸ்வீடனில் குஸ்தாஃப் கேர் 1941-இல் காப்புரிமை பெற்றது அடுக்குப் பலகை. மேலே நல்ல மரம், அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய மலிவு மரம். ஒன்றின் அசைவை ஒன்று தடுப்பதால் கான்கிரீட் மேலும் போடலாம். இது நேர்மையான கண்டுபிடிப்பு, காட்டுக்கும் மிச்சம். ஆனால் மேலடுக்கு நாலு மில்லிமீட்டர் இருந்தால் ஓரிரு முறை சீவலாம். அரை மில்லிமீட்டர் என்றால் ஒருமுறைகூட முடியாது. கடைக்காரர் நிறத்தைக் காட்டும்போது வாங்குகிறவர் கேட்க வேண்டியது இந்தக் கனத்தைத்தான். மற்றொன்று, அதே ஸ்வீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1977-இல் உருவாக்கிய லேமினேட். மரத்தின் புகைப்படத்தை மரத்தூள் அட்டை மேல் ஒட்டி, அதன்மேல் பிசின் உருக்கிய பலகை. கீறல் எளிதில் விழாது, விலையும் குறைவு. தேய்ந்தால் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை. வாடகை வீட்டுக்கு அது போதுமானதாக இருக்கலாம். சொந்த வீட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நிஜ மரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு, அது காட்டில் எழுதப்படுகிறது. 2015-இல் அமெரிக்காவின் பெரிய தரை விற்பனை நிறுவனம் ஒன்று, ரஷ்யாவின் தூரக் கிழக்கில் சட்டவிரோதமாக வெட்டிய ஓக்கைச் சீனா வழியே இறக்குமதி செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு மேல் கட்ட நேர்ந்தது. மரத்தின் இனத்தையும் வெட்டிய நாட்டையும் ஆவணத்தில் மாற்றி எழுதியிருந்தார்கள். வெட்டப்பட்டது அமூர் புலியும் சிறுத்தையும் எஞ்சி வாழும் காடு.

பழைய அமெரிக்கத் தரைகளின் கணக்கும் லேசானதல்ல. தெற்கு மாநிலங்களில் ஒன்பது கோடி ஏக்கர் பரவியிருந்த நீளிலைப் பைன் காட்டில் இன்று மிஞ்சியது நூற்றுக்கு நாலைந்து பங்கு. அந்தப் பைன் மற்றப் பைனைப்போல் மெத்தென்றது அல்ல. நூற்றாண்டுகள் மெதுவாக வளர்ந்து வைரம் பாய்ந்து, ஓக்கோடு போட்டி போடும் செந்நிற மரம். செஸ்ட்நட்டின் கதை இன்னும் துயரம். 1904-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக் காட்சிச்சாலை மரங்களில் தென்பட்ட பூஞ்சை, அரை நூற்றாண்டுக்குள் முந்நூறு நானூறு கோடி மரங்களைக் கொன்றது.

எனவே இந்த இரண்டு மரத்திலும் முதிர்ந்த சரக்கு வேண்டுமென்றால் இன்று காட்டுக்குப் போக முடியாது. மூடிய பஞ்சாலைகளுக்கும் சாய்ந்த களஞ்சியங்களுக்கும் போகிறார்கள். நூறு ஆண்டு பாரம் தாங்கிய உத்தரங்களை இறக்கி, உலோகம் காட்டும் கருவியை மேலே ஓட்டி, புதைந்த ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, அறுத்துப் பலகையாக்கி நாக்கும் காடியும் வெட்டுகிறார்கள். ஆணி இருந்த துளையைச் சுற்றி இரும்பு கசிந்த கறுப்பு வளையம் இருக்கும். அதைச் சீவி எடுப்பதில்லை, அப்படியே விடுகிறார்கள். வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள், புதுப்பலகையைவிட விலையும் அதிகம்.

(தொடரும்)